கிராம்பு வாசனை பீரும் சோடியம் 106-ம்

கொஞ்சம் நீளமான இழை மக்களே. ராத்திரி டூட்டி முடிச்சுட்டு வந்து எழுதறேன். அங்கங்க தடம் மாறினா பொறுத்துக்கோங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். "குடிக்கலாமா டாக்டர்?"னு கேட்டா என் பதில் "வேணாம்". எவ்வளவு குறைச்சலா குடிச்சாலும் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலயே அறிக்கை விட்டாச்சு. அதுக்கு மேல பிரசங்கம் இங்க இல்ல. இது பீரோட வரலாறு. கூடவே என் கைல நடந்த ஒரு தப்பு.

போன மாசம் பெங்களூர்ல மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசம். மறுநாள் சாயங்காலம் "அத்தான், ஒரு இடம் இருக்கு வாங்க"ன்னு ஆட்டோல கூட்டிட்டுப் போனான். அங்கேயே பீர் தயார் பண்ணி அங்கேயே ஊத்தற கடை. கண்ணாடிக்குப் பின்னாடி பெரிய பெரிய எவர்சில்வர் அண்டாக்கள். "காய்ச்சறாங்களா?"ன்னு கேட்டேன். நம்ம காரைக்கால் பக்கம் காய்ச்சறதுன்னா சாராயம்தான் ஞாபகம் வரும். பீர்ல அந்த வேலை இல்ல. ஆவியாக்கி வடிக்கறது கிடையாது. தானியத்தை ஊறவெச்சு, கொதிக்கவெச்சு, புளிக்கவைக்கறதோட சரி.

அவன் சொன்னது மெனுவுலயே விசித்திரமான ஒண்ணு. கோதுமை பீர், ஆனா கறுப்பு. பட்டை, ஏலக்காய், ஆரஞ்சுத் தோல் போட்டது. 330 மில்லி, 6.5 சதவீதம். கண்ணாடித் தம்ளர்ல வந்தப்போ கருப்பட்டிக் காப்பி நிறம். மேல ரெண்டு விரல் உயரத்துக்கு நுரை, டிகிரி காப்பி மாதிரி.

மச்சினன் போனை எடுத்து ஒரு ஆப்பைத் திறந்தான். குடிக்கற பீருக்கெல்லாம் ஸ்டார் போடற ஆப். "அத்தான், நீங்க எத்தனை போடுவீங்க?"

ரெண்டு வாய் குடிச்சேன். மூக்குக்கு முதல்ல வந்தது கிராம்பு. பல் டாக்டர் ரூமுக்குள்ள நுழைஞ்ச மாதிரி. சொத்தைப் பல்லுல தற்காலிகமா அடைப்பாங்களே, அதுல இருக்கற யூஜினால் கிராம்புத் தைலத்துலேர்ந்து வர்றதுதான். பின்னாடியே நல்லாப் பழுத்த பூவன் பழ வாசனை. வாயில கருகின பன் ரொட்டி, கருப்பட்டி. கடைசியில பட்டையும் ஏலக்காயும் சேர்ந்து எங்க அப்பாயி போடற சுக்குக் கஷாயத்தை ஞாபகப்படுத்திச்சு. நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

வேடிக்கை என்னன்னா, பரிமாறின தம்பிகிட்ட கேட்டேன், அதுல கிராம்பே போடலயாம். கிராம்பு வாசனையும் வாழைப்பழ வாசனையும் ஈஸ்ட் பண்ற வேலை. கோதுமை பீருக்குன்னே இருக்கற ஒரு வகை ஈஸ்ட், தானியத்துல இருக்கற ஃபெருலிக் அமிலத்தை எடுத்து கிராம்பு வாசனை உள்ள வேற ஒரு பொருளா மாத்திடும். நாக்கும் மூக்கும் "கிராம்பு இருக்கு"ன்னு அடிச்சுச் சொல்லும். கிராம்பு இருக்காது.

இல்லாததை இருக்குன்னு சொல்ற நாக்கு, இருக்கறதை விட்டுடவும் செய்யும். மீதி இழை முழுக்க அதைப் பத்தித்தான்.

கோதுமையும் மசாலாவும் பீருக்குள்ள வந்தது இப்போதைய ஃபேஷன் இல்ல. நடுவுல விரட்டிவிட்டதுதான் பின்னாடி நடந்தது. 1516 ஏப்ரல் 23-ல் பவேரியா கோமகன்கள் ஒரு சட்டம் போட்டார்கள்: பீர்ல பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேற எதுவும் கூடாது. கோதுமை ரொட்டிக்கு வேணும், பீர்ல கொட்டி விலையை ஏத்தாதேங்கறது ஒரு காரணமாச் சொல்வாங்க. ஆனா கோதுமை பீர் ஒழிஞ்சு போகல. ஒரு பிரபு குடும்பத்துக்கு மட்டும் தனி அனுமதி இருந்துச்சு. 1602-ல் அந்த வம்சம் வாரிசில்லாமப் போனதும் கோமகன் மாக்ஸிமிலியன் அந்த உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கிட்டு நல்லா காசு பார்த்தார். ஊருக்கு உபதேசம்!

பெல்ஜியத்துல வேற கதை. ஹூகார்டன்னு ஒரு ஊர். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட கோதுமை பீருக்குப் பேர்போன ஊர். 1957-ல் கடைசி ஆலையும் மூடியாச்சு. சின்ன வயசுல அந்த ஆலையில கூடமாட வேலை பார்த்த பியர் செலிஸ்னு ஒரு பால்காரர், 1960-களின் நடுவுல தன் வீட்டு வைக்கோல் பரண்ல மறுபடி ஆரம்பிச்சார். இன்னிக்கு உலகம் பூரா, நம்ம நாட்டுலயும், கொத்தமல்லி வாசனையோட கோதுமை பீர் கிடைக்குதுன்னா அந்தப் பால்காரர்தான் காரணம்.

இதையெல்லாம் மச்சினன்கிட்ட சொல்லிட்டிருந்தப்ப அவன் கேட்டான்: "நம்மகிட்ட இருந்ததே கள்ளு மட்டும்தானே அத்தான்?"

இல்ல.

பத்துப்பாட்டுல பெரும்பாணாற்றுப்படை படிச்சிருக்கீங்களா? கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது. நம்ம பூம்புகாரைப் பாடின பட்டினப்பாலையும் அவர் பேர்லதான் இருக்கு. காரைக்கால்லேர்ந்து வடக்கே தரங்கம்பாடியைத் தாண்டிப் போனா வர்ற அதே பூம்புகார். பெரும்பாணாற்றுப்படையில பசியோட போற பாணனுக்கு வலைஞர் குடியில என்ன கிடைக்கும்னு ஒரு இடம் வரும். அங்க முழு செய்முறையே இருக்கு. தீட்டாத அரிசியைக் களி மாதிரி கூழாக் கிண்டணும். வாயகன்ற பாத்திரத்துல ஊத்தி ஆறவைக்கணும். முளைவிட்ட நெல்லை இடிச்சு அதுல கலக்கணும். (மூலத்துல "அடை"ன்னுதான் இருக்கும், நெல்முளைன்னு பொருள் சொல்றது உரைகாரர்.) அது கறையான் புத்துக்குள்ள இருக்கற தேன்கூடு மாதிரியான கட்டி போல இருக்கும்னு ஒரு உவமை வேற. அப்புறம் சாடியில ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி. கடைசியா வெந்நீர் விட்டு விரலால அலைச்சுப் பிழியறது. தொட்டுக்க சுட்ட மீன்.

டெல்டாக்காரங்களுக்கு இதுல எந்த ரகசியமும் தெரியாம இருக்காது. விதைநெல்லை ஊறவெச்சு சாக்குல கட்டி முளைகட்டுவோமே, அந்த நெல்லை ஒண்ணு எடுத்துக் கடிச்சுப் பாருங்க, லேசா இனிக்கும். முளைக்கும்போது தானியத்துக்குள்ள அமிலேஸ்னு ஒரு நொதி உருவாகும். அது மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்னு ஆல்கஹால் ஆக்கும். ஜெர்மனிக்காரன் பார்லியில பண்ற அதே வேலை. இதே அமிலேஸை நம்பித்தான் நாங்க குழந்தைங்க ஓபியில முளைகட்டின கேழ்வரகு மாவுல கஞ்சி போடச் சொல்றோம். கஞ்சி நீர்த்துப் போகும், ஆனா சத்து குறையாது, சின்ன வயித்துக்குள்ள நிறைய போகும். ஒரே வேதியியல். ஒரு பக்கம் பீர், இன்னொரு பக்கம் ஆறு மாசக் குழந்தையோட முதல் சாப்பாடு.

அது அரிசி. மசாலா எங்கன்னு கேட்டா அர்த்தசாஸ்திரத்துக்குப் போகணும். அதுல மதுவுக்குன்னே ஒரு அதிகாரி, அவருக்குன்னு ஒரு அத்தியாயம். அரிசியில செய்யறது "மேதகம்". மாவுல செய்யறது "பிரசன்னா". இது ரெண்டுக்கும் போட ஒரு மசாலாப் பட்டியல் இருக்கு பாருங்க: மிளகு, திப்பிலி, ஏலம், மரமஞ்சள், இன்னும் சில மூலிகைகள், ஒவ்வொண்ணும் சம அளவு. மாவு பீர்ல ஏலக்காய்! பெங்களூர் தம்பி புதுசுன்னு நினைச்சு ஊத்தினது ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு.

அந்த நூலே காணாமப் போயிருந்தது. 1905-ல் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் கிரந்த எழுத்துல இருந்த ஓலைச்சுவடியைக் கொண்டுபோய் மைசூர் நூலகத்துல கொடுத்தார். அங்க நூலகரா இருந்த ஷாமசாஸ்திரி 1909-ல் அச்சுல கொண்டுவந்தார். ஆக, நாட்டுக்கே அந்தச் செய்முறை திரும்பக் கிடைச்சது நம்ம காவிரிக்கரை பரண்லேர்ந்துதான்.

இந்த இடத்துல கமெண்ட்ல ஒருத்தர் கண்டிப்பா வருவார். "பாத்தீங்களா டாக்டர், சங்க காலத்துலயே குடிச்சிருக்காங்க, நீங்க என்ன வேணாம்ங்கறீங்க?" சார், அந்த வலைஞர் சாடியில இருந்தது ரெண்டு நாள் புளிச்ச கூழ், வெந்நீர் விட்டுப் பிழிஞ்சது. உங்க கைல இருக்கறது வேற வஸ்து. கணக்கு கீழ வருது.

அர்த்தசாஸ்திரத்துல எனக்குப் பிடிச்ச, ஆனா வயித்தைக் கலக்கற வரி ஒண்ணு உண்டு. கெட்டுப்போன மதுவை அதே இடத்துல விக்கக் கூடாது, வேற இடத்துல வேணா விக்கலாம். சரி, நல்லது. அப்ப என்ன பண்றது? கூலிக்குப் பதிலா வேலையாட்களுக்கும் அடிமைகளுக்கும் கொடு, இல்ல மாட்டுக்கும் பன்னிக்கும் ஊத்து. யாரோட நாக்குக்கு மதிப்பு, யாரோட நாக்குக்கு இல்லைங்கறது அப்பவே எழுதி வெச்சாச்சு.

இப்ப ஸ்டார் கதைக்கு வருவோம். பீருக்கு மார்க் போடற பழக்கத்தை உலகத்துக்குப் பரப்பினவர் மைக்கேல் ஜாக்சன். மூன்வாக் ஆடினவர் இல்ல. இவர் இங்கிலாந்துப் பத்திரிகையாளர், 1942-ல் பிறந்தவர், தாடியும் கண்ணாடியுமா இருப்பார். 1977-ல் உலக பீர்களை வகை வகையாப் பிரிச்சு ஒரு புத்தகம் போட்டார். 1982-ல் சட்டைப்பை அளவுல இன்னொண்ணு, அதுல பீருக்குப் பீர் நட்சத்திரம், ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும். இன்னிக்கு மச்சினன் போன்ல இருக்கற ஆப்புக்கெல்லாம் அதுதான் கொள்ளுத்தாத்தா.

அந்த ஜாக்சன் நம்ம பக்கத்து வீட்டுக்கும் வந்திருக்கார். இலங்கையில, நுவரெலியாவுல. நைல் நதி மூலத்தைத் தேடிப் போனாரே சாமுவேல் பேக்கர், அவர் அதுக்கு முன்னாடி கொஞ்ச காலம் நுவரெலியாவுல பண்ணை வெச்சிருந்தார். 1849-ல் அங்க சின்னதா ஒரு பீர் ஆலை ஆரம்பிச்சவர் அவர்தான்னு சொல்வாங்க. 1881-ல் அது பெரிய கம்பெனியாச்சு. சுத்தியிருக்கற தேயிலைத் தோட்டங்கள்ல வேலை பார்த்தது பூரா நம்ம ஜனங்க. அந்த ஆலையோட லயன் ஸ்டவுட்டைத்தான் ஜாக்சன் ருசி பார்த்தார். கறுகறுன்னு இருக்கும். மால்ட்டும் ஹாப்ஸும் ஐரோப்பாவுலேர்ந்து கப்பல்ல வந்து, மலைப் பாதையில லாரி ஏறும். கண்டியில ஒரு கடையில மரப் பீப்பாயிலேர்ந்து கைப்பம்புல அடிச்சு ஊத்துவாங்களாம். சாக்லேட், காப்பி வாசனைன்னு அவர் புகழ்ந்து எழுதினதுதான் அந்த பீரை உலக வரைபடத்துல வெச்சது. அதோட லேபிள்ல இப்ப 8.8 சதவீதம்னு இருக்கும்.

ஜாக்சனுக்கு அப்புறம் மார்க் போடறது ஒரு சாஸ்திரமாவே ஆயிடுச்சு. 1985-ல் அமெரிக்காவுல பீர் நீதிபதிகளுக்குன்னே ஒரு அமைப்பு வந்தது, பரீட்சை, சர்டிஃபிகேட் எல்லாம் உண்டு. அவங்க மார்க் ஷீட் மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில அதோட கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. எம்.பி.பி.எஸ் இன்டர்னல்லயே இவ்வளவு நேர்மையாப் பிரிச்சு மார்க் போட்டதில்ல.

அந்த 3 மார்க் தோற்றத்துக்காக 20 பேர் செத்திருக்காங்க தெரியுமா?

1960-கள். மதுக்கடைகள்ல தம்ளர் கழுவப் புது டிடர்ஜென்ட் பவுடர் வந்துச்சு. தம்ளர்ல அதோட மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பீர் நுரை நிக்காது. நுரை இல்லாத பீரை யார் வாங்குவா? ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கோபால்ட் உப்பு துளியூண்டு சேர்த்தா நுரை கம்பீரமா நிக்கும். பத்து லட்சத்துல ஒரு பங்கு அளவுதான். சுவை மாறாது, நிறம் மாறாது. 1965 ஆகஸ்ட்லேர்ந்து கனடா நாட்டு கியூபெக் நகர ஆஸ்பத்திரிகளுக்கு மூச்சு வாங்கிக்கிட்டு, இதயம் வீங்கி, உதடு நீலம் பாரிச்சு ஆட்கள் வர ஆரம்பிச்சாங்க. எல்லாரும் நிறைய பீர் குடிக்கறவங்க. 48 பேர், 20 சாவு. குடிகாரனுக்கு இதயம் கெடறது புதுசா என்னன்னு விட்டிருக்கலாம். அங்க இருந்த டாக்டர்கள் விடல. இத்தனை வருஷமா குடிச்சவங்களுக்கு இப்ப மட்டும் ஏன், இந்த ஊர்ல மட்டும் ஏன்னு கேட்டாங்க. கோபால்ட்டுல போய் நின்னுச்சு. சரியாச் சாப்பிடாத உடம்பு, ஆல்கஹால், கோபால்ட், மூணும் சேர்ந்து கொன்னிருக்கு.

கோதுமைக்கு இதுல ஒரு சபாஷ் போடலாம். அதுல புரதம் அதிகம், நுரை தானா நிக்கும், கோபால்ட் வேணாம்.

அதுக்கும் 65 வருஷம் முன்னாடி, 1900. இங்கிலாந்துல மான்செஸ்டர். கை கால் மரத்துப் போய், நடக்க முடியாம ஏழைத் தொழிலாளிங்க கூட்டம் கூட்டமா வந்தாங்க. "குடியினால வர்ற நரம்பு பாதிப்பு"ன்னு எழுதி மூடிட்டாங்க. புத்தகத்துல அப்படி ஒரு நோய் இருக்கவே இருக்கு, சந்தேகமே வரல. ஏழைகள் விடுதியோட சேர்ந்த ஆஸ்பத்திரியில எர்னஸ்ட் ரெனால்ட்ஸ்னு ஒரு டாக்டர். அவருக்கு ரெண்டு விஷயம் உறுத்திச்சு. விஸ்கி மாதிரி காட்டமான சரக்கு குடிக்கறவங்க இப்படி வரல, மலிவு பீர் குடிக்கறவங்கதான் வர்றாங்க. ரெண்டாவது, இவங்க தோல் கறுத்துப் போயிருக்கு, உள்ளங்கை தடிச்சிருக்கு. மேற்கு வங்காளத்து ஆழ்குழாய்க் கிணத்துத் தண்ணி படங்களைப் பார்த்தவங்க உடனே சொல்லிடுவாங்க, அது ஆர்சனிக். பீரைச் சோதிச்சார். இருந்துச்சு. மலிவு பீர்ல சேர்க்கற சர்க்கரையைத் தயாரிக்கப் பயன்படுத்தின கந்தக அமிலத்துலேர்ந்து அது வந்திருந்தது. 6000 பேருக்கு மேல பாதிப்பு, 70 பேருக்கு மேல சாவு. லார்ட் கெல்வின் தலைமையில விசாரணைக் கமிஷன் போட்டாங்க. (ஆமா, பிளஸ் டூ பிசிக்ஸ்ல வர்ற அதே கெல்வின்தான்.)

அத்தனை பேர் தினம் குடிச்ச பீர். ஒருத்தர் நாக்குக்கும் தெரியல. ஆர்சனிக்குக்குச் சுவை கிடையாது. 2024 ஜூன்ல நம்ம கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல போனாங்களே, அங்கயும் மெத்தனாலை வாசனையில கண்டுபிடிக்க முடியாமத்தான் குடிச்சாங்க.

இப்ப என் கதை. அடையாளம் தெரியாம இருக்க சிலதை மாத்தியிருக்கேன்.

பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் சி.ஆர்.ஆர்.ஐ. எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். ராத்திரி பதினோரு மணிக்கு நாப்பது வயசுக்காரர் ஒருத்தரைத் தம்பியும் அவரோட சேக்காளியும் தூக்கிட்டு வந்தாங்க. கடைக்குப் பக்கத்துல கிடந்தாராம். வாயில வாடை. பேச்சு குளறல். கேட்ட கேள்விக்கு எங்கயோ பார்த்துப் பதில். தம்பி சொன்னார்: "பிராந்தி எல்லாம் தொட மாட்டார் சார், பீர் மட்டும்தான்." சீட்டுல நான் எழுதினது ஒரே வரி: ஆல்கஹால் போதை. ஒரு பாட்டில் குளுக்கோஸ் தொங்கவிடச் சொன்னேன். "காலைல தெளிஞ்சுடும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்"னு தம்பிக்கு ஆறுதல் வேற.

மூணு மணிக்கு வலிப்பு வந்துச்சு.

ஓடி வந்த டியூட்டி மேடம் முதல்ல கேட்டது: "சோடியம் அனுப்புனியா?" அனுப்பல. வந்த ரிசல்ட் 106. சாதாரணமா 135-க்கு மேல இருக்கணும். மேடம் என்னைத் திட்டல. தம்பிகிட்ட ஒரே கேள்வி கேட்டாங்க: "இவர் கடைசியா சோறு எப்ப சாப்பிட்டார்?" தம்பி யோசிச்சார். திருவிழாவுக்கு லீவு போட்டு வந்ததுலேர்ந்து ஒரு வாரமா பீர்தான். நாளைக்கு ஆறேழு பாட்டில். சோறு வெச்சா வேணாம்னுடுவாராம்.

இதுக்குப் பேர் பீர் பொட்டோமேனியா. விஷயம் எளிது. நம்ம கிட்னி வெறும் தண்ணியை வெளியேத்தாது. தண்ணியோட கொஞ்சம் உப்பு, புரதம் உடைஞ்ச யூரியான்னு கழிவும் சேர்ந்துதான் சிறுநீராப் போகும். சோறு, குழம்பு, மீன் சாப்பிடறவனுக்கு அது தாராளமா இருக்கும். பீர்ல அது அநேகமா இல்ல. நாலஞ்சு லிட்டர் உள்ள போச்சு, கழிவே இல்ல, கிட்னி கைவிரிச்சுடும். தண்ணி உடம்புலயே தங்கி ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போகும், மூளை வீங்கும். "பீர் குடிச்சா கிட்னி கழுவி விட்ட மாதிரி"ன்னு சொல்ற அண்ணன்கள் தயவுசெஞ்சு இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிக்கவும். நான் தொங்கவிட்ட குளுக்கோஸ் பாட்டிலும் கிட்டத்தட்ட உப்பில்லாத தண்ணிதான். எரியற வீட்டுல எண்ணெய்.

சோடியத்தை வேகமா ஏத்தவும் கூடாது. ஒரு நாளைக்கு எட்டு, மிஞ்சிப்போனா பத்து. அவசரப்பட்டா மூளைத்தண்டு பாதிச்சு ஆள் படுத்த படுக்கையாயிடுவார். மேடம் அன்னிக்கு ராத்திரி பூரா உக்காந்து சொட்டுக் கணக்கு பார்த்தாங்க. பத்தாம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது என்கிட்ட "தம்பி, நான் அன்னிக்கு உங்களை ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?"ன்னு கேட்டார். தப்பு பண்ணினது நான்.

ஜாக்சனைப் பத்திப் பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். கடைசி வருஷங்கள்ல மேடையில பேசும்போது தடுமாறுவார், நடை தள்ளாடும், பேச்சு தெளிவா வராது. பீர் எழுத்தாளர் இல்லையா, எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க, மனுஷன் குடிச்சுட்டு வந்திருக்கார். 2006 கடைசியில அவரே வெளிய சொன்னார், பத்து வருஷத்துக்கு மேல பார்க்கின்சன் நோய். அதைப் பத்தி எழுத நினைச்ச புத்தகத்துக்கு "நான் குடிச்சிருக்கல"ன்னு பேர் வெக்க இருந்தாராம். எழுதறதுக்குள்ள 2007 ஆகஸ்ட் 30-ல் போய்ச் சேர்ந்துட்டார், 65 வயசு. பார்க்கின்சன்ல பலருக்கு முதல்ல போறது மோப்ப சக்தி. வாசனையை வெச்சே வாழ்ந்த மனுஷனுக்கு அந்த நோய் வந்ததை நினைச்சா என்னமோ பண்ணுது.

கணக்கு சொல்றேன்னேனே. நம்ம நாட்டுல ஸ்ட்ராங் பீர்னா 5-க்கு மேல 8 சதவீதம் வரை. 650 மில்லி பாட்டில், 8 சதவீதம்: 52 மில்லி சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணியை விட லேசு, 0.789-ஆல பெருக்குங்க: 41 கிராம். ஒரு குவார்ட்டர் பிராந்தியில, 180 மில்லி, 42.8 சதவீதம், சுமார் 61 கிராம். ஆக ஒரு ஸ்ட்ராங் பீர்னா குவார்ட்டர்ல மூணுல ரெண்டு பங்கு. ரெண்டு பீர் அடிச்சவர் ஒரு குவார்ட்டரைத் தாண்டியாச்சு. "பீர் மட்டும்தான் சார்"னு ஓபியில சொல்றவங்களோட வீங்கின வயித்தை நான் வாராவாரம் பார்க்கறேன்.

காரைக்கால்ல இதைச் சொல்றதுல இன்னொரு அர்த்தம் இருக்கு. 1948-லேர்ந்து சுத்தியிருந்த மெட்ராஸ் மாகாணம் பூரா மதுவிலக்கு இருந்தப்போ, 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கைல இருந்த நம்ம ஊர்ல கடை திறந்தே இருந்துச்சு. இப்பவும் எல்லைக்கு அந்தப் பக்கத்தை விட இங்க சரக்கு விலை குறைச்சல். சாயங்காலம் எல்லைக் கடைகள்ல நிக்கற வண்டி நம்பர்களைப் பாருங்க. அந்த வண்டியில வந்தவர் விழுந்து கிடந்தா எங்ககிட்டத்தான் வருவார், தூக்கிட்டு வர்றவர் சொல்ற முதல் வார்த்தை "குடிச்சிருக்கார் சார்". இப்ப நான் அதுக்கு அப்புறமும் கேக்கறேன்: எந்தப் பாட்டில், எத்தனை, லேபிள்ல எத்தனை சதவீதம், கடைசியாச் சோறு எப்ப, தலையில அடிபட்டுச்சா, சுகர் மாத்திரை போடறாரா. சோடியம், சுகர் ரெண்டும் சீட்டு எழுதறதுக்கு முன்னாடியே போயிடும்.

நேத்து மச்சினன் வாட்ஸ்அப்ல மறுபடி கேட்டிருந்தான். "அத்தான், அன்னிக்கு மார்க் போடவே இல்லயே?" போட்டு அனுப்பிட்டேன். வாசனை 12-க்கு 10, கிராம்பில்லாம கிராம்பு வாசம் வந்ததுக்காக. தோற்றம் 3-க்கு 3, கோபால்ட் இல்லாத நுரை. சுவை 20-க்கு 14, ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். வாயில கனம் 5-க்கு 4. ஒட்டுமொத்தம் 10-க்கு 7. ஆக 38.

"ஸ்ட்ராங்னஸுக்கு மார்க்கே இல்லயா அத்தான்?"னு கேட்டான். அந்த ஷீட்ல அதுக்குக் கட்டமே கிடையாது. ஆப்ல குறிப்பு எழுத ஒரு இடம் இருக்காம். அதுல "330 மில்லி, 6.5 சதவீதம், 17 கிராம்"னு போடச் சொல்லியிருக்கேன்.